யூனில் வெட்டு, ஓகஸ்ட்டில் பூ

ரொறொன்ரோவில் லைலாக் பூப்பது மே மாதத்தின் பிற்பாதியில். இளங்குளிர் நீடித்தால் யூன் முதல் கிழமை வரைக்கும் நிற்கும். வெயில் திடீரென்று ஏறிவிட்டால் பத்து நாளில் கருகி முடிந்துவிடும். குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த யன்னல்களை நாங்கள் திறக்கும் அதே நாட்களில் அந்த வாசமும் தெருவுக்கு வருகிறது. இந்த நாட்டில் பல வருடம் குளிர் தாங்கியவர்களுக்கு லைலாக் மேல் ஒரு தனிப் பற்று இருப்பது அதனால்தான். எனக்கும் உண்டு. ஆகவே ஓகஸ்ட் வெயிலில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் இடுப்பளவு உயரத்தில் ஊதாக் கொத்துகளோடு ஒரு லைலாக் நிற்பதைக் கண்டு, "இது எப்படி இப்போது பூக்குது? எங்கே வாங்கலாம்?" என்று கேட்பவர்களின் ஆவல் எனக்கு நன்றாக விளங்குகிறது.

நீங்கள் கண்டது பெரும்பாலும் 'புளூமெராங்' என்ற பெயரில் விற்கப்படும் கன்றாக இருக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கிராண்ட் ஹேவன் என்ற ஊரில் உள்ள ஸ்பிரிங் மெடோ நேர்சரியில் ரிம் வுட் உருவாக்கிய ரகம் அது. 'ஜோஸே' என்று பிரான்ஸில் பிறந்த ஒரு குட்டை லைலாக் முன்பே இருந்தது. அதன் முன்னோர் சீனா, கொரியா பக்கத்துச் சிற்றிலை லைலாக்குகள். மே மாதம் பூத்து ஓய்ந்த பிறகும் கோடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கிற குணம் ஜோஸேக்கு உண்டு. அதன் விதைகளை முளைக்கவைத்து, வந்த நாற்றுகளுக்குள் மறுபடி தாராளமாகப் பூப்பதைத் தெரிந்தெடுத்ததில் கிடைத்ததுதான் புளூமெராங். 2010ஐ ஒட்டிய வருடங்களில் கடைகளுக்கு வந்தது. இப்போது இளம் ஊதா, கடும் ஊதா, இளஞ்சிவப்பு என்று நிறங்களும் கூடியிருக்கின்றன.

இந்தக் கன்றைப் புரிந்துகொள்ள எங்களுக்கு மல்லிகையை விட நல்ல வழி இல்லை. லைலாக்கும் மல்லிகையும் ஒரே தாவரக் குடும்பம். ஒலிவ் மரமும் பவளமல்லியும் அதே குடும்பந்தான். தமிழ்நாட்டில் குண்டுமல்லி பயிரிடுவோர் நவம்பர் கடைசியில் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்கிவிடுவார்கள். பங்குனியில் புதுத் தளிர் ஓடி, அந்தத் தளிரின் நுனியில் அரும்பு கட்டும். வெட்டினால் தளிர்க்கும், தளிர்த்தால் பூக்கும் என்பது மல்லிகை வளர்த்த கைகளில் ஊறிப்போன பாடம்.

பழைய லைலாக்கிடம் இந்தப் பாடம் செல்லாது. அது மே மாதம் பூத்து உதிர்ந்த சில கிழமைக்குள், அதாவது யூன் கடைசியிலும் யூலையிலும், அடுத்த வருடத்துப் பூவரும்பைக் கிளை நுனியில் உருவாக்கத் தொடங்கிவிடும். அந்த அரும்பு குளிர்காலம் முழுவதும் மூடியபடி இருந்து, போதிய குளிரை வாங்கிக்கொண்ட பிறகே விரியும். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ லைலாக் பூக்காததற்கு அந்தக் குளிர் கிடைக்காததே காரணம். ஒக்ரோபரில் இலை கூட்டும்போது "இதையும் ஒருக்கா வெட்டிவிடுவம்" என்று கத்தரிக்கோல் எடுத்தால், அடுத்த மே மாதத்துப் பூ முழுவதும் அன்றைக்கே குப்பைப் பைக்குள் போய்விடும். லைலாக் பூக்கவில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, எப்போது வெட்டினீர்கள் என்பதைத்தான்.

மறுமுறை பூக்கும் லைலாக்கில் இந்த இரண்டு இயல்பும் சேர்ந்திருக்கின்றன. போன வருடத்துக் கிளையில் மே மாதம் பூக்கும். பிறகு யூன், யூலை வெக்கையில் பூவை நிறுத்திவிட்டுத் தளிர் விடும். அந்தப் புதுத் தளிரின் நுனியில் அதே வருடம் அரும்பு கட்டி, யூலை கடைசி தொடக்கம் உறைபனி விழும் வரைக்கும் விட்டுவிட்டுப் பூக்கும்.

விளம்பரப் படங்களைப் பார்த்து வாங்குபவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். மே மாதப் பூதான் உண்மையான பூ. செடி முழுவதும் மூடிக்கொண்டு வருவது அப்போது மட்டுமே. இரண்டாம் பூ ஐதாக, கிளைக்கொன்றாக வரும்; கொத்தும் சிறிதாக இருக்கும். நட்ட முதல் வருடத்தில் அதுவும் மிகக் குறைவு, வேர் பிடித்த பிறகே கூடும். வாசமும் வேறு: மசாலா வாசம் லேசாகக் கலந்தது, அண்டிப் போனால் தெரிவது. தெருமுனையிலேயே ஆளை மறிக்கும் பழைய லைலாக்கின் வாசத்தை இதில் எதிர்பார்த்தால் ஏமாற்றந்தான் மிஞ்சும். ஆனால் செப்டெம்பர் மாதத்தில், செவ்வந்தியைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாத காலத்தில், வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு லைலாக் கொத்தைக் குனிந்து முகர முடிவது சின்னச் சந்தோசம் இல்லை. அதற்காகவே இதை நடலாம் என்பேன்.

இரண்டாம் பூ எவ்வளவு வரும் என்பதில் உங்கள் கைக்கும் பங்குண்டு. அந்த வேலைக்கு உரிய காலம் யூன் மாதத்தின் முதல் பாதி. மே மாதக் கொத்துகள் வாடியவுடன், விதை கட்ட விடாமல், கொத்துக்குக் கீழே ஒன்றிரண்டு கணு இறக்கி, ஒரு சோடி இலைக்குச் சற்று மேலே வெட்டுங்கள். லைலாக்கின் இலைகள் எதிரெதிராகச் சோடியாக நிற்பவை. ஆகவே வெட்டிய இடத்திலிருந்து பெரும்பாலும் இரண்டு தளிர் கிளம்பும். அவைதான் ஓகஸ்ட்டில் பூத் தாங்கப்போகிறவை. வெட்டாமல் விட்டாலும் செடி பூக்கும், ஆனால் தளிர் குறையும். அதே நாளில் அடியில் ஒரு வாளி கூட்டெரு போட்டு, மேலே மரத்தூள் மூடாக்கு இடுங்கள். தண்டோடு முட்டாமல் ஒரு கையகலம் விட்டுப் போடவேண்டும், இல்லாவிட்டால் பட்டை அழுகும். அதன் பிறகு யூலை முழுவதும் தண்ணீர்தான் முக்கியம். தினமும் ஹோஸால் இலையை நனைப்பதில் பயனில்லை. கிழமைக்கு ஒருமுறை, மழை பெய்யாவிட்டால் இரண்டு முறை, வேர் வரைக்கும் இறங்குமாறு மெதுவாக விடுங்கள். காய்ந்துபோன லைலாக் சாகாது, ஆனால் தளிர் விடுவதை நிறுத்திவிடும். தளிர் இல்லையென்றால் இரண்டாம் பூவும் இல்லை.

யூலைக்குப் பிறகு கத்தரிக்கோலைத் தொடவே வேண்டாம்.

பசளை விடயத்தில் ஒரு எச்சரிக்கை. புல்தரைக்குப் போடும் பசளையில் நைதரசன் மிக அதிகம். அது லைலாக்கின் வேருக்கு எட்டினால் செடி கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும், பூ மட்டும் வராது. அழகாக வளர்ந்தும் பூக்காத பல செடிகள் பசும்புல்தரையின் நடுவில்தான் நிற்கின்றன.

இடத்தைத் தெரிவு செய்யும்போது வெயிலை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் வேண்டும். மண் அமிலமாக இல்லாமல் நடுநிலையாகவோ சற்றுக் காரமாகவோ இருப்பது லைலாக்குக்குப் பிடிக்கும். தெற்கு ஒன்ராறியோவில் சுண்ணாம்புப் பாறை மேல் கிடக்கும் மண் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. மார்க்கம், பிரம்டன், ஏஜக்ஸ் பக்கத்துப் புது வீடுகளில் மண்ணைவிடப் பெரிய தொல்லை, கட்டட வேலையில் இறுகிப்போன களி. குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு இரவு கடந்தும் தண்ணீர் நின்றால் அங்கே குழிக்குள் நடாமல் ஒரு அடி மண்ணை உயர்த்தி மேட்டில் நடுங்கள். கூரைத் தண்ணீர் வந்து விழும் குழாயின் வாயிலும் வைக்க வேண்டாம். பழைய லைலாக் பன்னிரண்டு, பதினைந்து அடி போகும். புளூமெராங் நான்கைந்து அடியோடு நிற்கும். அடுத்த வீட்டு வேலி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் எங்கள் வளவுகளுக்கு அது பெரிய வசதி. குளிரைப் பற்றிய பயமும் தேவையில்லை, மைனஸ் 34 பாகையையும் தாங்கும் செடி. ஓகஸ்ட்டில் இலைமேல் மா பூசியது போல வருகிற சாம்பல் நோய்க்கும் பதற வேண்டாம். அது செடியைக் கொல்லாது. காற்றோட்டம் இருந்தால் குறையும்.

சில வருடங்களில் பழைய லைலாக்கும் செப்டெம்பரில் பூக்கும். அதைக் கண்டு மகிழ்பவர்கள் உண்டு. எனக்குக் கவலைதான் வரும். மழை அதிகமான கோடையில் இலைக்கருகல் நோய் பிடித்து ஓகஸ்ட்டிலேயே இலை கொட்டிவிட்டால், அல்லது கடும் வரட்சிக்குப் பிறகு மழை கிடைத்தால், மே மாதத்துக்கென்று வைத்திருந்த அரும்புகளில் சில காலம் தவறி விரிந்துவிடும். இப்படி விரிந்த ஒவ்வொரு கொத்தும் வருகிற மே மாதத்தில் குறையும். புளூமெராங்கின் இலையுதிர்காலப் பூ அப்படியல்ல, அது புதுத் தளிரில் புதிதாகக் கட்டிய அரும்பு. உங்கள் பழைய செடி அப்படிப் பூத்தால் விழுந்த இலைகளைக் கூட்டி அள்ளி அகற்றுங்கள், வெட்டாதீர்கள்.

இந்தப் பத்தியில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஒன்று இருக்கிறது. எங்கள் ஆட்கள் ஸ்காபரோவில் பழைய வீடு வாங்குகிறார்கள். பின்வளவு மூலையில், முன்பு இருந்தவர்கள் வைத்த லைலாக் ஒன்று முறுக்கேறிய தண்டுகளோடு நிற்கும். "இது பழசு, வருடத்தில் ஒருக்காத்தான் பூக்குதாம், இதைப் பிடுங்கிவிட்டு இரண்டு முறை பூக்கிறதை வைப்பம்" என்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அந்தச் செடி நடந்துவந்த தூரம் பெரிது. போல்கன் மலைச்சரிவுகளில் பிறந்து, துருக்கியரின் தோட்டங்களில் வளர்ந்து, 16ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புல்லில் இருந்த தூதுவர் புஸ்பெக்கின் கையால் வியன்னாவுக்குப் போனது. பிரான்ஸில் நான்சி நகரத்து விக்டர் லெமுவான் 1870 அளவில் லைலாக்கை இனக்கலப்புச் செய்யத் தொடங்கியபோது அவருக்குக் கண்பார்வை மங்கியிருந்தது. ஏணியில் ஏறி, தூரிகையால் ஒவ்வொரு பூவாக மகரந்தம் தொட்டு வைத்தவர் அவருடைய மனைவி. அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையில் தந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட ரகங்களில் ஒன்று உங்கள் வேலியோரத்திலும் நிற்கலாம். ஒட்டாவா மத்திய ஆய்வுப் பண்ணையில் இசபெல்லா பிரெஸ்டன் 1920களில் கனடாக் குளிருக்கென்றே உருவாக்கிய லைலாக்குகள் மற்றவை ஓய்ந்த பிறகு பூப்பவை. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் நாயகியர் பெயரை அவற்றுக்கு வைத்தார். ஒன்ராறியோ நாட்டுப்புறத்தில் கார் ஓடும்போது, வீடே இல்லாத வெளியில் ஒரு லைலாக் பற்றை பூத்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கே ஒரு காலத்தில் ஒரு பண்ணைவீடு இருந்திருக்கும். வீடு போய்விட்டது, வாசல் லைலாக் இன்னும் நிற்கிறது. வசந்தம் எவ்வளவு முந்துகிறது என்று அளக்க 1950களிலிருந்து அமெரிக்க விஞ்ஞானிகள் துணைக்கு வைத்திருப்பதும் லைலாக் துளிர்க்கும், பூக்கும் நாட்களைத்தான்.

பழைய செடி உயர்ந்து உச்சியில் மட்டும் பூக்கிறதென்றால் அதற்கு வழி உண்டு. மே மாதப் பூ முடிந்தவுடன், மிக முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை நிலத்தோடு வெட்டுங்கள். அடுத்த வருடம் இன்னொரு பங்கு, அதற்கடுத்த வருடம் மிச்சம். அடியிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளில் நல்லதாகச் சிலவற்றை விட்டால், மூன்று நான்கு வருடத்தில் மூக்குக்கு எட்டும் உயரத்தில் பூக்கும் செடி உங்களுக்குக் கிடைக்கும். பழையதைப் பின்வளவிலேயே விட்டு, புதியதை முன்வாசலில் வையுங்கள். இரண்டுக்கும் இடமில்லாமல் ஒன்றுதான் வைக்கலாம் என்றால், நான் பழையதையே வைத்திருப்பேன்.

எதைப் பார்த்துத் தீர்மானிப்பது என்று தெரியாதவர்கள் வருகிற மே கடைசிக் கிழமையில் ஹமில்டன், பேர்லிங்டன் பக்கத்தில் உள்ள ரோயல் பொட்டானிக்கல் கார்டன்ஸின் லைலாக் பள்ளத்தாக்குக்குப் போய்வாருங்கள். உலகெங்கும் புதிதாக வரும் லைலாக் ரகங்களின் பெயரைப் பதிவு செய்யும் பொறுப்பும் நீண்ட காலம் அந்தத் தோட்டத்திடம்தான் இருந்தது. புளூமெராங் வாங்க விரும்புபவர்களுக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஓகஸ்ட் கடைசியில் நேர்சரிகளில் அது பூவோடு நிற்கும். நிறத்தையும் வாசத்தையும் நீங்களே பார்த்து எடுக்கலாம், கோடை முடிகிற நேரம் விலையும் பெரும்பாலும் இறங்கியிருக்கும். செப்டெம்பர் முடிவதற்குள் நட்டு, நிலம் உறையும் வரைக்கும் தண்ணீர் விடுங்கள்.