மைந்தர் இருக்கட்டும், படிவம் 26 எங்கே?

சட்டமன்றத் தேர்தல் வந்தால் போதும், சுவருக்குச் சுவர் ஒரு பிறப்புச் சான்றிதழ் முளைத்துவிடும். 'மண்ணின் மைந்தர், எளிய குடும்பத்துப் பிள்ளை, உங்களில் ஒருவர்.' கட்சி மாறும், சின்னம் மாறும், சில சமயம் வேட்பாளரே கட்சி மாறியிருப்பார். வாசகம் மட்டும் மாறாது. ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியும் இதையேதான் கத்திக்கொண்டு போகும். வருடக்கணக்கில் கேட்டுக் காது புளித்துப்போய்விட்டது.

உள்ளூர்க்காரருக்குத்தான் ஊரின் குறை தெரியும் என்கிறார்கள். தூர்ந்து கிடக்கும் கண்மாய் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? அதற்கு நிதி வாங்கத் தெரிந்தவர் யார் என்பதல்லவா கேள்வி.

வெளியூர்க்காரரை மக்கள் ஏற்க மாட்டார்களாம். விருதுநகரில் பிறந்த காமராஜர் 1954இல் முதலமைச்சரானபோது சட்டமன்றத்துக்குள் நுழைய வழி கொடுத்தது, எங்கோ வட ஆர்க்காட்டில் இருந்த குடியாத்தம். 1967இல் சொந்த விருதுநகரில் நின்றார், தோற்றார். இரண்டே ஆண்டில் நாகர்கோவில்காரர்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1962இல் அண்ணாவைத் தோற்கடித்ததும் அவர் பிறந்த காஞ்சிபுரம்தான். எம்.ஜி.ஆர். பிறந்தது இலங்கையில், 1984இல் அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். கர்நாடகத்து மேல்கோட்டையில் பிறந்த ஜெயலலிதாவையும் அதே ஆண்டிபட்டி 2002இலும் 2006இலும் தேர்ந்தெடுத்தது. ஆண்டிபட்டியில் மண்ணே கிடையாது போலிருக்கிறது!

சட்டமும் இந்த மைந்தரைக் கண்டுகொள்ளவில்லை. மாநிலத்தின் ஏதாவதொரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் வேறு பொதுத் தொகுதியிலும் நிற்கலாம் என்று 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் விட்டுவிட்டது.

இன்னொன்றும் உண்டு, மேடையில் யாரும் சொல்லமாட்டார்கள். 'நம்ம ஊர்ப் பிள்ளை' என்பதில் வரும் அந்த 'நம்ம' யார்? அதே ஊரில், அதே வருடத்தில், காலனித் தெருவில் பிறந்த ஒருவரைப் பொதுத் தொகுதியில் நிறுத்தி, மண்ணின் மைந்தர் என்று சுவரெழுதிய கட்சியை நான் பார்த்ததில்லை. தொகுதியில் எந்தச் சாதிக்கு வாக்கு அதிகமோ, அந்தச் சாதி வீட்டில்தான் மைந்தர்கள் பிறக்கிறார்கள். வியப்பான மண்.

சரி, வேட்பாளரின் பின்னணி தெரிய வேண்டாமா? தாராளமாகத் தெரியட்டும். அதற்கென்றே படிவம் 26 என்று ஒரு பிரமாணப் பத்திரம் இருக்கிறது. பிறந்த ஊர் எது என்று அது கேட்பதில்லை. நிலுவையில் உள்ள வழக்குகள், பெற்ற தண்டனை, கடன், அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி, ஐந்து ஆண்டு வருமானவரிக் கணக்கு, மனைவி அல்லது கணவரின் சொத்து, தங்கம் எத்தனை கிராம் என்றெல்லாம் கேட்கிறது. விவசாய நிலமா? சர்வே எண், பரப்பு, பரம்பரையாக வந்ததா வாங்கியதா, வாங்கிய தேதி, கொடுத்த விலை, இன்றைய சந்தை மதிப்பு. மைந்தருக்கு இந்த மண்ணில் எத்தனை ஏக்கர் சொந்தம் என்பது அதில் தெரிந்துவிடும். எளிய குடும்பத்துப் பிள்ளை இரண்டாவது முறை நிற்கிறாரா, இன்னும் நல்லது. ஐந்து வருட இடைவெளியில் கொடுத்த இரண்டு பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எளிமை எந்த வேகத்தில் வளர்ந்திருக்கிறது என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவைப்படாது.

இந்தப் பத்திரம் ஒன்றும் கட்சிகள் மனமுவந்து கொடுத்ததல்ல. வேட்பாளரின் பின்னணியை அறிவது வாக்காளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்னது. உடனே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நீதிமன்றம் சொன்னாலும் சட்டம் கேட்காததை வேட்பாளர் சொல்ல வேண்டியதில்லை என்று ஆக்கியது. 2003இல் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தையும் தூக்கி எறிந்தது. தன் கதையைச் சுவர் சுவராக எழுதும் ஆர்வமுள்ளவர்களுக்கு அன்று ஏன் அப்படியொரு கூச்சம் வந்ததோ!

வழக்கு உள்ளவர்கள் அந்த விவரத்தைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை வெளியிட வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வழி வந்த விதி. பத்திரிகையில் குறைந்தது 12 புள்ளி எழுத்தில் போட வேண்டும் என்கிறது தேர்தல் ஆணையம். பிறந்த ஊருக்கு ஆள் உயர எழுத்து, வழக்குக்கு 12 புள்ளி.

எஞ்சியிருப்பது ஒன்றுதான்: உள்ளூர்க்காரர் என்றால் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமாம். ஜெயித்த பிறகு அவர் எம்.எல்.ஏ. விடுதியில் இருக்கிறாரா, மைத்துனரின் குவாரியில் இருக்கிறாரா என்பது உதவியாளருக்குத்தான் வெளிச்சம். பேசியே ஆக வேண்டுமென்றால் அவருடைய தொலைபேசி எண்ணும் அந்தப் படிவம் 26இல்தான் இருக்கிறது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம்.