பூங்கா, பார்ப்பதற்கு மட்டுமா?

சென்னை கதீட்ரல் சாலையில் 2024 அக்டோபர் 7 அன்று கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. பரப்பு 6.09 ஏக்கர், செலவு சுமார் 46 கோடி ரூபாய். 500 மீட்டர் ஜிப்லைன், செயற்கை நீராவிப் படலம், கண்ணாடி மாளிகை ஆகியவையே திறப்பு விழாச் செய்திகளில் முன்னால் நின்றன. நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 ரூபாய். இரண்டு பிள்ளைகளோடு போகும் தம்பதிக்கு வாசலிலேயே 300 ரூபாய் கரைந்துவிடும்.

அந்த மண்ணுக்கு ஒரு பழைய வேலை இருந்தது. 1835இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தலைமுறை தலைமுறையாக அங்கே நாற்றங்கால் நடத்தி, நகரவாசிகளுக்குக் கன்றும் விதையும் விற்றது. நிலம் யாருக்கு என்ற வழக்கு நீண்டு, கடைசியில் அரசின் கைக்கு வந்தது. பொது நிலம் பொதுமக்களிடம் வந்ததில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. நம் கேள்வி வேறு. செடி வளர்ப்பைப் பரப்புவதற்கென்றே இருந்த இடத்தில், செடி வளர்க்கக் கற்றுக்கொடுப்பது ஏன் முதல் வேலையாக வைக்கப்படவில்லை?

எதிரிலேயே செம்மொழிப் பூங்கா இருக்கிறது. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த இடத்தில் 2010 நவம்பரில் திறந்த அந்தப் பூங்காவைத் தோட்டக்கலைத் துறையே நடத்துகிறது. அழகான பூங்கா, சந்தேகமில்லை. ஆனால் அங்கே போகிறவருக்கு மரத்தின் பெயர்ப் பலகை கிடைக்கும், புல்தரை கிடைக்கும், படமெடுக்க இடம் கிடைக்கும். வீட்டு மாடியில் காய்க்காமல் நிற்கும் கத்தரிக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. மாநிலம் முழுவதும் இதே கதைதான். உதகை அரசு தாவரவியல் பூங்கா இருக்கும் இடத்தில் 1845ஆம் ஆண்டு வாக்கில் முதலில் தோன்றியது, வெள்ளைக்காரர்கள் சந்தா கட்டி நடத்திய காய்கறித் தோட்டம். தங்கள் சாப்பாட்டுக்கு மலிவாகக் காய் வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். 1848இல் தோட்டக்கலை வல்லுநர் மெக்ஐவர் வந்த பிறகுதான் அது தாவரவியல் தோட்டமாக உருவெடுத்தது. இன்று மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு மலையேறும் கூட்டம் பூவைப் பார்த்துவிட்டு இறங்குகிறது. அந்தப் பூ எப்படி வந்தது என்பதை அவர்களுக்குச் செய்து காட்ட ஒரு பாத்தி போதும்.

செய்து காட்டுவதன் பலன் அரசுக்குத் தெரியாததல்ல. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது. சொன்னால் நம்பாத உழவர் பக்கத்து வயலில் பார்த்தால் நம்புவார் என்பதே அதன் அடிப்படை. இன்று நாட்டில் 700க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. அவை உழவர்களுக்கானவை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். நகரத்துக் குடும்பங்களுக்கு அப்படி ஓரிடம் எங்கே?

மாடித் தோட்டத் தளை என்று தோட்டக்கலைத் துறை மானியத்தில் தருகிறது. வளர்ப்புப் பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, விதைப் பொட்டலம், அசோஸ்பைரில்லம், டிரைக்கோடெர்மா, வேப்பெண்ணெய் மருந்து, ஒரு கையேடு. நல்ல திட்டம். ஆனால் கையேட்டைப் படித்து மிளகாய்ச் செடியைக் காப்பாற்றுவது கடினம். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். அனுபவமுள்ளவர் இலையைத் திருப்பிக் காட்டினால் அரை நிமிடத்தில் விளங்கும் வேறுபாடு இது. தெரியாதவர் கடைக்காரர் கொடுத்த மருந்தை அடிக்கிறார், அல்லது பையைக் கவிழ்த்துவிடுகிறார். கத்தரியில் நுனித்தண்டு வாடியதும் அதைக் கிள்ளி எறிந்தால் துளைப்பான் புழு காய்க்குப் போவதைக் குறைக்கலாம். இதையும் ஒருவர் கிள்ளிக் காட்டத்தான் வேண்டும். ஆடியில் எதை விதைப்பது, ஐப்பசி மழையில் பைக்குள் தண்ணீர் தேங்காமல் எப்படி வடிப்பது, உப்பு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் எந்தச் செடி தாங்கும், முருங்கையை எந்த உயரத்தில் கவாத்து செய்வது, விண்பதியம் எப்படிக் கட்டுவது, இதெல்லாம் கைப்பழக்கம். பையைக் கொடுத்துவிட்டுப் பாடத்தைக் கொடுக்காமல் விடுவது அரைக் கடமை. பொதுப்பணத்தில் நடக்கும் காரியத்தில் அரைக் கடமை தவறுதான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1970களின் தொடக்கத்தில் இதே சிக்கல் வந்தது. சியாட்டில் வட்டார மக்களின் தோட்டக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்க அலுவலர்களால் மாளவில்லை. ஆர்வமுள்ள உள்ளூர்வாசிகளுக்கு அந்தப் பல்கலைக்கழகம் பயிற்சி கொடுத்தது. அதற்கு ஈடாக அவர்கள் குறிப்பிட்ட மணி நேரம் மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். அந்த முறை மற்ற மாநிலங்களுக்கும் பரவி, பல ஊர்களில் அப்படிப்பட்ட தன்னார்வலர்களே செயல்விளக்கத் தோட்டங்களைப் பேணுகிறார்கள். நம்மிடம் ஆள் பஞ்சமா? மாடித் தோட்டக்காரர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் இரவு பகலாகச் சந்தேகம் தீர்க்கிறார்கள், விதைத் திருவிழா நடத்துகிறார்கள், நாட்டு ரக விதைகளை அஞ்சலில் அனுப்பிக்கொள்கிறார்கள். ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இவர்களுக்கு இல்லாதது கூடி நிற்க ஒரு துண்டு நிலம். அது அரசிடம் இருக்கிறது. சென்னை மாநகராட்சி ஒன்றிடமே நூற்றுக்கணக்கான பூங்காக்கள் உள்ளன.

இதில் ஒரு நியாயக் கேள்வியும் அடங்கியிருக்கிறது. பணம் உள்ளவர் ஆள் வைத்து மாடியில் தோட்டம் போட்டுக்கொள்வார். நகரின் நடுவிலிருந்து பெயர்த்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களுக்கு அடுக்ககத்தில் கிடைத்தது ஒரு சிறு இடம். அங்கே இரண்டு பையில் கீரையும் ஒரு தொட்டியில் கறிவேப்பிலையும் வளர்ந்தால் குழந்தையின் தட்டில் அது தெரியும். கற்றுக்கொடுக்கும் தோட்டம் முதலில் வர வேண்டிய இடம் அதுதான். கதீட்ரல் சாலை பிறகு.

பூங்காவில் விளையாட்டும் களிப்பும் கூடாது என்று நாம் சொல்லவில்லை. வெயிலில் வேகும் நகரத்துக்கு நிழலே பெரிய கொடை. ஆனால் தோட்டக்கலை என்ற பெயரைச் சுமக்கும் துறை, தன் நிலத்தையும் பணத்தையும் வேடிக்கைக்கே முதன்மையாகச் செலவிட்டு, கலையைக் கற்பிப்பதை ஓரத்தில் வைத்தால், அது மக்களுக்குச் செய்யும் அநீதி. அரசு செய்ய வேண்டியது பெரிதல்ல. துறையின் ஒவ்வொரு பூங்காவிலும், மாநகராட்சியின் ஒவ்வொரு மண்டலத்திலும் குறைந்தது ஒரு பூங்காவிலும், ஒரு செயல்விளக்கப் பாத்தி வேண்டும். வாரம் ஒரு நாள் அங்கே அலுவலரோ பயிற்சி பெற்ற தன்னார்வலரோ இருக்க வேண்டும். பூச்சி விழுந்த செடியையும் பிடுங்கி மறைக்காமல், காரணம் எழுதிப் பார்வைக்கு விட வேண்டும். கற்க வருகிறவரிடம் கட்டணம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. அடுத்த வேளாண் நிதிநிலை அறிக்கையில் இதற்கென்று தனி ஒதுக்கீடு வர வேண்டும். முதல் தோட்டம் பெரும்பாக்கத்தில் அமைய வேண்டும்.