பழைய மென்பொருள் எங்கே குடியிருக்கிறது?

பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கல்யாண அழைப்பிதழும் அந்தியேட்டிக் கல்வெட்டும் அச்சிட்டுக் கொடுப்போர் பலர் உளர். அவர்களுடைய கணனிகளில் ‘பாமினி’ என்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை ஆக்கிய மென்பொருள்களும் பழையனவே. புதுக் கணனி வாங்கும் நாளில், அம்மென்பொருள் எங்கே இருக்கிறது என்ற கேள்வி எழுகிறது.

கேள்வி சிறிது, அதன் பின்னால் நிற்பதோ பெரிது. கல்வெட்டிலே ஒரு குடும்பத்தின் வம்சாவளி அச்சாகிறது. ஊரை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் சிலவற்றிற்கு அதனையன்றி வேறு ஆவணமே இல்லை. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தி வைத்த எழுத்துரு. அது இல்லாத கணனியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் காட்சி தரும். பாட்டனாரின் பெயரை அதில் எவ்வாறு தேடுவது?

திரையிற் காணும் சின்னத்தையே மென்பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். அது வெறும் வழிகாட்டிப் பலகை. பலகையைப் பெயர்த்துக்கொண்டு போனால் வீடும் கூட வருமா? விண்டோஸ் கணனியில் அச்சின்னத்தின் மேற் சுட்டியை நிறுத்தி, வலப் பொத்தானை அழுத்தி, ‘ஓப்பன் பைல் லொக்கேஷன்’ என்பதைத் தெரிவு செய்தால் மென்பொருளின் கோப்புறை திறக்கும். சின்னம் இல்லாவிடில், மென்பொருள் இயங்கும்போது ‘டாஸ்க் மனேஜர்’ வழியாகவும் இதனைச் செய்யலாம்.

‘புரோகிராம் பைல்ஸ்’ கோப்புறையில் தேடிக் காணாது மனந்தளர்வோர் உண்டு. 64 பிட் விண்டோஸில், பழைய 32 பிட் மென்பொருள்களுக்கு ‘எக்ஸ் 86’ என்ற ஒட்டுப்பெயருடன் வேறொரு புரோகிராம் பைல்ஸ் உள்ளது. 1978இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8086 சில்லின் நினைவு அப்பெயர். அதனினும் பழைய 16 பிட் மென்பொருள்கள் பல ‘சி’ தட்டிலேயே நேராகக் கோப்புறை அமைத்துக்கொண்டவை. அவற்றைக் கண்டுபிடித்தாலும் 64 பிட் விண்டோஸில் அவை நேரே இயங்கா.

இனித்தான் சூட்சுமம். பழைய மென்பொருள்கள் தாம் சேமிப்பவற்றைத் தம் கோப்புறைக்குள்ளேயே எழுதிவைக்கும் வழக்கமுடையன. 2007இல் விற்பனைக்கு வந்த விஸ்டா, பாதுகாப்புக் கருதி அதனைத் தடுத்தது. ஆயினும் மென்பொருள் நின்றுவிடாதிருக்க, எழுதப்படுவதை ஓசையின்றி வேறிடத்திற்குத் திருப்பிவிட்டது. பயனாளரின் பெயருள்ள கோப்புறையில், மறைந்திருக்கும் ‘ஆப்டேட்டா’வுக்குள், ‘லோக்கல்’ என்பதன் கீழ் ‘வேர்ச்சுவல் ஸ்டோர்’ என்று அவ்விடத்திற்குப் பெயர். மென்பொருளோ தன் வீட்டிலேயே வைத்ததாக நம்பிக்கொண்டிருக்கும்! அதன் கோப்புறையை மட்டும் பிரதிசெய்துவிட்டுப் பழைய கணனியை அழித்தால், பல ஆண்டு உழைப்பும் உடன் அழியக்கூடும்.

ஆகவே மென்பொருளின் கோப்புறை, வேர்ச்சுவல் ஸ்டோர், ‘விண்டோஸ்’ கோப்புறையினுள் இருக்கும் ‘பொன்ட்ஸ்’ ஆகிய மூன்றையும் முதலிற் பிரதிசெய்க. நிறுவும் தட்டு இருந்தால் அதனையும் பேணுக. பிரதிசெய்த கோப்புறையிலிருந்து சில மென்பொருள்கள் இயங்க மறுக்கும். பின்னர் பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றியதும் அச்சிட்ட கல்வெட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய தலைப்பெழுத்துகளும் பட்டங்களும் தமிழெழுத்தாய் மாறிப் பொருளற்று நிற்பது அங்கேதான்.