சோழவரம்: ரேஸுக்கு முன்னால்

சோழவரம் என்றதும் என் வயதுக்காரர்களுக்குக் கார் ரேஸ்தான் ஞாபகம் வரும். சென்ற வாரம் ஜமுனாமரத்தூர் டீக்கடையில், வேலூர் அப்துல்லாபுரம் விமான நிலையத்தில் எப்போது விமானம் ஓடும் என்று பேச ஆரம்பித்து, சோழவரத்துக்குப் போய்விட்டோம். அரை மணி நேரம் ரேஸ் கதைதான். அந்த ஓடுபாதையை யார், எதற்காகப் போட்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் எண்ணம்.

1942-ஐ நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. மார்ச்சில் ரங்கூனும் அந்தமானும் போயின. ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. மதராஸ் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு சொந்த ஊர்களுக்குக் கிளம்பினார்கள். அரசு அலுவலகங்களையே உள்ளூர்ப் பக்கம் மாற்றினார்கள். அந்தப் போர்க்காலத்தில் நம் பக்கத்தில் உருவானவைதான் சோழவரம், அரக்கோணம், உளுந்தூர்பேட்டை விமானத் தளங்கள்.

போர் முடிந்ததும் மூன்றுக்கும் மூன்று விதி. அரக்கோணம் பல காலம் சும்மா கிடந்து, 1992 மார்ச் 11 அன்று கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளியாக மறுபிறவி எடுத்தது. உளுந்தூர்பேட்டை ஓடுபாதை கேட்பாரற்றுப் போனது. சோழவரத்தில், 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓடவிட்டது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி மைதானம் வரும் வரை சோழவரம்தான் பேர்பெற்ற ரேஸ் களம்.

ரேஸ் பிரியர்கள் தங்கள் சரித்திரத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். போட்டோ இருக்கிறது, ஜெயித்தவர் பெயர் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை, பாராட்டுகிறேன். அதற்கு முந்தின பத்து வருஷத்துக்குத்தான் நம்மில் ஆள் இல்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1944 ஜூன் 6, நார்மண்டிக் கடற்கரை என்று இன்றைக்கும் ஒப்பிப்பேன். சோழவரம் எங்கள் பாடத்தில் இல்லை. பிரான்ஸ் தேசத்தில் சின்னக் கிராமத்தில்கூடப் போரில் இறந்த உள்ளூர்க்காரர்களின் பெயர் பொறித்த கல் நிற்கும். புதுச்சேரிக் கடற்கரையிலும் முதல் உலகப்போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. நம் ஓடுபாதைகளுக்கு அப்படி ஒரு கல் வைத்தால் என்ன?

குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் எனக்கு நிலத்தின் மேல்தான் கண் போகும். ஓடுபாதை வானத்திலிருந்து இறங்கவில்லை. 1939-ஆம் வருஷத்து இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, போர்த் தேவைக்கு நிலத்தை எடுத்துக்கொள்ள அரசுக்கு அதிகாரம் இருந்தது. பதிவேட்டில் அது ஒரு வரி மாற்றம். அந்த வரிக்குப் பின்னால் யாருடைய நிலம், யாருடைய மேய்ச்சல், ஜல்லி உடைத்தவருக்கு என்ன கூலி, நஷ்டஈடு எவ்வளவு? வரி எழுதியவர் அதை எல்லாம் எழுதமாட்டார். காணி நிலத்துக்கு ஒரு காகிதம் வாங்க எத்தனை நடை நடக்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ராணுவ விஷயம், ரகசியம் என்பார்கள். இன்றைய ரகசியத்தை யார் கேட்டார்கள்? எண்பது வருஷத்துக்கு முந்தின கிராமத்துக் கணக்கைத்தான் கேட்கிறேன். பழைய புல வரைபடங்களையும் பதிவேடுகளையும் கரையான் தின்னுமுன் படமெடுத்து வைக்கட்டும். ஓடுபாதை போட்ட வருஷத்தையும், நிலம் கொடுத்த கிராமங்களின் பெயரையும் தமிழில் எழுதி, சாலையோரம் ஒரு பலகை வைக்கட்டும். பெரிய செலவில்லை.

நம் பங்கும் உண்டு. 1942-இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். அப்படி ஒரு பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். பொங்கல் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.