ராஜாக்களுக்குச் சொன்னதை விசுவாசிகளுக்குச் சொல்லாதீர்கள்

போதகரைக் கேள்வி கேட்பவன் தேவனையே கேள்வி கேட்கிறான். சபையை விட்டு வெளியேறுபவன் ஆவிக்குரிய தகப்பனின் பாதுகாப்பை இழந்து சாபத்துக்குள் போகிறான். தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணை வட்டாரத்தில் விசுவாசிகளிடையே கைமாறி வரும் ஒரு துண்டுப் பிரசுரத்தின் சாரம் இதுதான். எழுதியவர் ஒரு போதகர், வேதம் நன்றாகத் தெரிந்தவர். தெரிந்தும் ஒவ்வொரு வசனத்தையும் தனக்கு வசதியான இடத்தில் நிறுத்துகிறார் என்பதே என் குற்றச்சாட்டு.

ஐயா, நீங்கள் முதலில் எடுப்பது 105ஆம் சங்கீதம். அபிஷேகம் பெற்றவர்களைத் தொடக் கூடாது என்கிறீர்கள். அதற்கு முந்தைய மூன்று வசனங்களையும் சேர்த்துச் சபையில் வாசித்திருக்கிறீர்களா? அங்கே பேசப்படுகிறவர்கள் ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும். கொஞ்சம் பேர், அந்நியர்கள், தேசம் தேசமாக அலைந்தவர்கள். தேவன் எச்சரித்தது ராஜாக்களை. சாராளை அரண்மனைக்குக் கொண்டுபோன பார்வோனும் அபிமெலேக்கும் கேட்க வேண்டிய வார்த்தை அது. இன்று மைக்கும் காணிக்கைக் கணக்கும் உங்கள் கையில். எதிரே உட்கார்ந்திருப்பவர்களோ தென்மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்து, பீர்க்கன்கரணையிலும் பெருங்களத்தூரிலும் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள். அலைகிறவர்களைக் காக்க ராஜாவிடம் சொல்லப்பட்டதை, ராஜாவைக் காக்க அலைகிறவர்கள் மேல் ஏவுகிறீர்கள். இதைவிடப் பெரிய வேதப்புரட்டு இருக்க முடியுமா?

அடுத்து தாவீது. சவுல்மேல் அவர் கை போடவில்லை, உண்மை. ஆனால் குகையிலிருந்து வெளியே வந்ததும் என்ன செய்தார்? மூவாயிரம் வீரர்களோடு தன்னைத் தேடி வந்த அந்த ராஜாவை உரக்கக் கூப்பிட்டு, நீர் செய்வது அநியாயம், கர்த்தரே நியாயம் தீர்ப்பார் என்று வெளிப்படையாகச் சொன்னார். பிறகு சவுலே திரும்பி வா என்று அழைத்தபோதும் அவர் போகவில்லை. கத்தி எடுக்காதே என்பது தாவீதின் பாடம். வாயை மூடு, ஞாயிறுதோறும் வந்து உட்கார் என்பது அதில் எங்கே இருக்கிறது?

பிரசுரம் சீனப் போதகர் வாட்ச்மேன் நீயையும் துணைக்கு அழைக்கிறது. 1952இல் கைதாகி, இருபது ஆண்டுகள் சிறைப்பட்டு, 1972இல் காவலிலேயே இறந்த அந்த மனிதர் முன் நான் தலை வணங்குகிறேன். ஆவிக்குரிய அதிகாரம் பற்றிய அவருடைய போதனை கடுமையானது, எனக்கு அதில் பல இடங்களில் உடன்பாடில்லை. ஆனால் அவர்கூட, பார்வோனுக்குக் கீழ்ப்படியாத எபிரெய மருத்துவச்சிகளையும் சிலையை வணங்க மறுத்த தானியேலின் நண்பர்களையும் காட்டி, மனிதருக்குக் கீழ்ப்படிவதற்கு எல்லை உண்டு என்று எழுதினார். அந்தப் பகுதி மட்டும் உங்கள் பிரசுரத்தில் காணாமல் போனது எப்படி?

இந்தப் போதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரியாத விஷயமில்லை. 1970களில் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேலில் டெரக் பிரின்ஸ், பாப் மம்ஃபோர்டு உள்ளிட்ட ஐந்து போதகர்கள், ஒவ்வொரு விசுவாசிக்கும் ஒரு மேய்ப்பர் கட்டாயம் என்று ஓர் இயக்கம் நடத்தினார்கள். வேலை, கல்யாணம், வீடு எல்லாவற்றுக்கும் மேய்ப்பரின் சம்மதம் கேட்கும் நிலை வந்தது. டெரக் பிரின்ஸ் 1983இல் விலகினார். மம்ஃபோர்டு 1989இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். தொடங்கியவர்களே கைகழுவியதை நீங்கள் ஜி.எஸ்.டி. சாலையோரம் புது வெளிப்பாடாக விநியோகிக்கிறீர்கள்.

சபையில் அதிகாரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபிரெயர் 13:17, அவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் என்றும் அதே மூச்சில் சொல்கிறது. மூப்பர்மேல் வரும் புகாரை இரண்டு மூன்று சாட்சிகளோடு ஏற்று, பாவம் செய்திருந்தால் எல்லார் முன்பாகவும் கண்டிக்கும்படி தீமோத்தேயுவுக்கு எழுதினார் பவுல். அந்தியோகியாவில் பேதுருவையே முகத்துக்கு முன்பாக எதிர்த்தவர் அவர். அவருடைய பிரசங்கத்தையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரோயா மக்களை அப்போஸ்தலர் நடபடிகள் பாராட்டுகிறது. உங்கள் கணக்குப்படி அவர்கள் எல்லாரும் சாபத்தில் அல்லவா இருக்க வேண்டும்?

சத்துருவின் வல்லமையை மேற்கொள்ள இயேசு அதிகாரம் கொடுத்தாரே, லூக்கா பத்தாம் அதிகாரத்தில், யாருக்கு? பெயர்கூடப் பதிவாகாத எழுபது பேருக்கு. அந்த அதிகாரம் பிசாசின்மேல் செல்லும். சக விசுவாசியின் மனசாட்சிமேல் செல்லாது.

நம் வட்டாரத்தின் வரலாறும் உங்களுக்கு எதிராகவே நிற்கிறது. 1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அதற்காக டச்சு இறையியலாளர் ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய பெரிய நூலை, அதே ஆண்டு சென்னையில் வெளிவந்த ஒரு கட்டுரைத் தொகுப்பில் மறுத்தவர்களில் பி. செஞ்சையாவும் வி. சக்கரையும் முக்கியமானவர்கள். இருவரும் போதகர்கள் அல்ல, சட்டம் படித்த விசுவாசிகள். 1941இல் பல்லாவரம் மலையில் இரவெல்லாம் ஜெபித்துவிட்டு சுவிசேஷகர் பக்த் சிங் தொடங்கிய சபைகளும் ஒரே போதகரின் தலைமையில் அமையவில்லை. மூப்பர்கள் கூடி நடத்தும் முறையையே கைக்கொண்டன.

உங்கள் பிரசுரத்தைப் படித்த ஒரு சகோதரி, கணவரை இழந்தவர், தான் சபை மாறியதால்தான் மகனுக்கு நோய் வந்ததோ என்று என்னிடம் அழுதார். அந்தக் கண்ணீருக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். அடுத்த ஞாயிறு, அதே மேடையில், அந்தச் சாபத்தை வாய்திறந்து திரும்பப் பெறுங்கள். சபையின் வரவு செலவை விசுவாசிகள் முன் வையுங்கள். உங்களைக் கண்டிக்கும் உரிமையுள்ள மூப்பர்கள் யார் என்று பெயர் சொல்லுங்கள்.