கதவுப் பூட்டும் பழுதுபார்க்கும் உரிமையும்

சென்ட்ரல் லாக் இயங்காத பழைய காரில் பெரும்பாலும் கெட்டிருப்பது கதவுக்குள் உள்ள சிறு மோட்டாரோ அதன் பிளாஸ்டிக் பற்சக்கரமோதான். முன்பு அந்த மோட்டார்ப் பெட்டி தனியாக இருந்தது. இரண்டு திருகுகளைக் கழற்றி, கம்பியை விடுவித்து, வேறொன்றைப் பொருத்திவிடலாம். பின்வந்த பல கார்களில் அது பூட்டோடு ஒரே தொகுதியாக அடைக்கப்பட்டுவிட்டது. மோட்டாருக்காக முழுப் பூட்டையும் வாங்கவேண்டியுள்ளது.

கதவைப் பிடித்து நிறுத்தும் கொக்கியில் கைவைக்கக்கூடாது என்பது நியாயமான எச்சரிக்கையே. விபத்தில் உயிர் காப்பது அது. ஆனால் மோட்டாரின் வேலை பூட்டுவதும் திறப்பதும் மட்டுமே. அதைத் தனியே விற்க மறுப்பதற்குப் பாதுகாப்பு ஒரு காரணமாகாது.

உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென அமைத்த குழுவின் வரம்பிலும் வாகனங்கள் உண்டு. எனினும் நம் கருத்தரங்குகளில் இவ்வுரிமை கைப்பேசியைத் தாண்டுவது அரிது.

சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இசுசு வாகனங்கள் உருவாகின்றன. ஆலை அருகிலிருப்பதால் மட்டும் உள்ளூர்ப் பட்டறைக்கு உதிரிபாகம் வந்துசேர்ந்துவிடாது. பழைய கார் என்றால் சென்னைப் புதுப்பேட்டைதான் கதி. தொகுதிக்குள் உள்ள ஒவ்வொரு பாகமும் தனியே விற்கப்படவேண்டும் என்று சட்டம் சொல்லாதவரை, பெயரளவில் கிடைத்த உரிமை அந்தப் பட்டறை மேசையை எட்டாது.