செக் திரும்பினால் எண்ண வேண்டிய நாட்கள்

கணக்கில் பணமில்லாமல் செக் திரும்புவது 1989 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் குற்றம். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 138ஆவது பிரிவு அதைக் குற்றமாக்கியது. இன்றைய நிலவரப்படி இதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். ‘கணக்கு மூடப்பட்டது’, ‘பணம் தர வேண்டாம் எனக் கணக்குதாரர் சொல்லிவிட்டார்’, ‘கையெழுத்து ஒத்துப்போகவில்லை’ போன்ற காரணங்களைச் சொல்லித் திரும்பும் செக்குகளும் இதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. முக்கிய நிபந்தனை, செக் ஒரு கடனுக்காகவோ கொடுத்தாக வேண்டிய பாக்கிக்காகவோ தரப்பட்டிருக்க வேண்டும். மொய்யாகவோ நன்கொடையாகவோ தந்த செக் திரும்பினால் வழக்கு நிற்காது.

செக் திரும்பியதும் பலர் முதலில் போய் நிற்கும் இடம் காவல் நிலையம். அங்கே இதற்கு வழியில்லை. 138ஆவது பிரிவில் பணம் வர வேண்டியவரே நேரடியாக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் கடக்க வேண்டிய கெடுக்கள் சில உண்டு. இந்தக் கெடுக்களைத் தவறவிட்டதாலேயே தோற்கும் செக் வழக்குகள் உண்டு.

முதல் கெடு, செக்கின் ஆயுள். அதில் எழுதிய தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட்டுவிட வேண்டும். 6 மாதமாக இருந்த இந்தக் காலத்தை 2012 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி குறைத்துவிட்டது. அடுத்தது நோட்டீஸ். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள், பணத்தைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து பணம் கட்ட, செக் கொடுத்த எதிராளிக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுத்துவிட வேண்டும்.

தேதி போட்டுப் பார்த்தால் தெளிவாகும். மார்ச் 3 அன்று, செக் திரும்பியதைச் சொல்லும் வங்கியின் ரிட்டர்ன் மெமோ கைக்கு வருகிறது. அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் ஏப்ரல் 2 வரை நோட்டீஸ் அனுப்பலாம். மார்ச் 20 அன்று அனுப்பிய நோட்டீஸ் 24 அன்று எதிராளி கையில் சேர்கிறது என்றால், அவருடைய 15 நாள் ஏப்ரல் 8 அன்று முடிகிறது. ஏப்ரல் 9 அன்று வழக்குத் தொடரும் உரிமை பிறக்கிறது. மே 9க்குள் புகார் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். புகார் கொடுக்கத் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதத்துக்கு மன்னிப்பே கிடையாது.

ஆட்கள் தவறுவது பெரும்பாலும் இந்த 30 நாளில்தான். “அடுத்த வாரம் சம்பளம் வந்துடும்ணே, கேஸுகீஸுன்னு போயிடாதீங்க” என்ற ஒரு போன் பேச்சிலேயே மாதம் ஓடிவிடும். அப்படி ஓடிப்போனாலும், செக்கின் 3 மாத ஆயுள் மிச்சமிருந்தால் அதையே மறுபடி வங்கியில் போடலாம். இரண்டாவது முறை திரும்பியதை வைத்துப் புதிதாக நாள் எண்ணி வழக்குப் போடலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது தெரியாமல் மனம் விட்டுப்போனவர்கள் பலர்.

நோட்டீஸை வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் செக் எண், தேதி, வங்கி, திரும்பிய காரணம் எல்லாம் பிழையில்லாமல் இருக்க வேண்டும். செக் தொகையைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். வட்டி, செலவு என்று எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சேர்த்துக் கேட்டால் நோட்டீஸே செல்லாமல் போகலாம். செக் வாங்கிய பிறகு எதிராளி பாதிப் பணம் கட்டியிருந்தால், அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கு வங்கியில் போட்டு வழக்குத் தொடுப்பதும் செல்லாது. இது 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், இப்போது ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதையும் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் பத்திரப்படுத்துவது நல்லது. சரியான முகவரிக்குப் போன தபாலை வாங்க மறுத்தாலும் கதவைப் பூட்டிக்கொண்டாலும் நோட்டீஸ் சேர்ந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும்.

புகாரைத் தாக்கல் செய்ய வேண்டிய இடம், பணம் வர வேண்டியவரின் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையின் எல்லைக்குள் வரும் நீதிமன்றம். 2015 திருத்தத்துக்குப் பிறகு இதில் குழப்பமில்லை. திருச்சிக்காரர் கொடுத்த செக்குக்காக மதுரைக்காரர் திருச்சிக்கு அலைய வேண்டியதில்லை. 6 மாதத்தில் விசாரணையை முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்தா மேல் வாய்தாவாக வருடங்கள் போவதுதான் நடப்பு. அதற்கு ஓரளவு ஈடாக, எதிராளி குற்றத்தை மறுத்ததும், செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்லும் அதிகாரம் 2018 முதல் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. எந்தக் கட்டத்திலும் சமரசமாகப் போகலாம். லோக் அதாலத்தில் முடியும் வழக்குகளில் இவை நிறைய. குற்றவியல் ஓநாய்த் தோல் போர்த்திய சிவில் ஆடு என்று இந்த வழக்கை உச்ச நீதிமன்றமே 2021இல் வர்ணித்தது. நோக்கம் பணம் வருவதுதான், ஆளைச் சிறையில் தள்ளுவதல்ல.

செக் கொடுத்தவர் பக்கமும் ஒன்று உண்டு. கைமாற்று வாங்கும்போது தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டு இரண்டு மூன்று செக்கைக் கொடுப்பது தமிழ்நாட்டில் சாதாரணம். இதைவிட ஆபத்தான பழக்கம் கடன் வாங்குவதில் இல்லை. கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்டால், மற்றதை வேறு யார் நிரப்பியிருந்தாலும் அது கடனுக்கான செக் என்றே சட்டம் அனுமானிக்கும். அந்த அனுமானத்தை உடைக்கும் பொறுப்பு செக் கொடுத்தவருடையது. அவ்வளவு பணம் தர, கடன் கொடுத்ததாகச் சொல்பவருக்கு வசதி இருந்ததா என்று கேள்வி எழுப்பலாம். வங்கிக் கணக்கு விவரம் மூலம் கடன் அடைந்ததைக் காட்டலாம். கடன் தீர்ந்த அன்றே செக்கைத் திரும்ப வாங்க வேண்டும். தொலைந்துவிட்டது என்று சொன்னால், செக் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அநியாய வட்டி கேட்டு மிரட்டினால் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. அதற்குக் காவல் நிலையம் போகலாம். வந்த நோட்டீஸுக்குப் பதில் போடாமல் இருப்பது மட்டும் கூடாது. அந்த மௌனத்தை நீதிமன்றங்கள் எதிராகவே பார்த்திருக்கின்றன.

செக் கெடு எல்லாம் தவறிவிட்டாலும் கடன் செத்துவிடுவதில்லை. பொதுவாக 3 ஆண்டுக்குள் சிவில் நீதிமன்றத்தில் பணத்துக்கு வழக்குப் போடலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களும், வருமானம் எதுவானாலும் பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். அதற்கான தொலைபேசி எண் 15100.